மருத்துவக் கல்வியும் நம் பிள்ளைகளும்

(ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில், மாணவ மாணவியருக்குப் பரிசளிக்கும் நிகழ்ச்சியின்போது இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

  

நம் இளையரசனேந்தல் பிள்ளைகளிடம், பெரியவனானதும் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால், டாக்டர் என்று சொல்லாத பிள்ளைகள் குறைவு. மருத்துவர் காலை முதல் இரவு வரை என்ன பணி செய்கிறார் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஊசி போடுவார் என்பதற்கு மேல் பதில் வராது. இது பிள்ளைகளின் குற்றமன்று. காய்ச்சல் கண்டு, கோவில்பட்டிக்குப் பேருந்தில் அழைத்துச் செல்லப்பட்டு, கூட்டத்தில் காத்திருந்து, இரண்டு நிமிடம் மருத்துவர் முன் அமர்ந்த அனுபவம் ஒன்றே அவர்களுக்கும் அத்துறைக்கும் உள்ள தொடர்பு. நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்ததைத் தவிர வேறெந்தப் பக்கத்திலிருந்தும் அவர்கள் மருத்துவத்தைப் பார்த்ததில்லை.

இந்நிலையில்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிறது. சில நாட்களுக்குள் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்தாக வேண்டும். உயிரியல் பாடத்தை அன்று கைவிட்ட பிள்ளைக்கு மருத்துவம் சார்ந்த படிப்புகளின் வாசல் பெரும்பாலும் அடைபட்டுப் போகிறது. அத்தகைய முடிவை, உடன் படிக்கும் நண்பன் எடுத்த பிரிவும், பள்ளியில் மீதமிருக்கும் இடமும், உறவினர் ஒருவர் போகிற போக்கில் சொன்ன வார்த்தையுமே தீர்மானிக்கின்றன. ஆகவே அந்த நாள் வருவதற்கு முன்னரே, எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள், மருத்துவம் என்றால் என்னவென்று நம் பிள்ளைகள் தம் கைகளால் தொட்டுப் பார்த்து அறிந்து கொள்ள இந்த ஜமாஅத் ஏற்பாடு செய்ய வேண்டும். அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு முன்னால் பெண் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டும். இதை வலியுறுத்தவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கையால் கற்பது என்றவுடன், இது மேலைநாட்டுப் பள்ளிக்கூடங்களில் புதிதாக வந்த முறை என்று சிலர் எண்ணக்கூடும். நம்மில் எவரேனும் தொழுகையை நூலில் மட்டும் படித்துக் கற்றதுண்டா? தந்தையின் பக்கத்தில் நின்று, அவர் குனியும்போது குனிந்து, ஸஜ்தா செய்யும்போது ஸஜ்தா செய்துதான் கற்றோம். ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உளூவை மக்களுக்குக் கற்பிக்க நாடியபோது, வாயால் விளக்கிக் கொண்டிருக்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் செய்து, ஒவ்வொரு உறுப்பாகக் கழுவிக் காட்டினார்கள். மதரஸாவில் ஜனாஸாச் சட்டங்களை ஏட்டில் ஓதி முடித்த மாணவன், மூத்தவர்களோடு நின்று ஒரு மய்யித்தைக் குளிப்பாட்டிய பிறகுதான் அப்பாடத்தைக் கற்றவனாகிறான். அதுவரை அவனுக்குத் தெரிந்தது சொற்கள் மட்டுமே.

ஜனாஸாத் தொழுகை பர்ளு கிபாயா என்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதும் உள்ள கடமை நீங்கும். எவருமே நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். மருத்துவமும் அதே வகையைச் சேர்ந்த கடமை என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில், கல்வியைப் பற்றிய பகுதியில் எழுதியுள்ளார்கள். அதோடு நிற்கவில்லை. தம் காலத்து மாணவர்கள் பிக்ஹுச் சட்டத்தின் வாதப் பிரதிவாதங்களைக் கற்க முண்டியடிக்கிறார்களே தவிர, ஊருக்கு ஒரு முஸ்லிம் மருத்துவர்கூட இல்லாத நிலையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று வருந்துகிறார்கள். ஹிஜ்ரி 505இல், அதாவது 1111ஆம் ஆண்டில் மறைந்த ஒரு பேரறிஞர் இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறார். இதை ஆலிம்கள் கூடும் சபையில் எடுத்துச் சொன்னால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக் கொள்வோம்; மறுப்பவர் யாருமில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பிற சமய மருத்துவர்கள் நமக்குச் செய்துவரும் பணியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர்களுடைய கைகளில்தான் நம் குழந்தைகள் பிறந்தன. நம் பெரியவர்களின் கடைசி நாட்களில் உடனிருந்தவர்களும் அவர்களே. பிறரிடம் பெற்றுக்கொண்டே இருக்கும் சமுதாயம், பிறருக்குக் கொடுக்கவும் முன்வர வேண்டும் என்பதே என் கருத்து.

மருத்துவத்தை நம் முன்னோர் எவ்வாறு கற்பித்தார்கள் என்பதற்கு அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸியின் சபையே நல்ல சான்று. சுமார் 865 முதல் 925 வரை வாழ்ந்தவர். ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளை நடத்தியவர். பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று பிரித்தறிந்து எழுதியவர். அவர் அமர்ந்திருக்க, அவரைச் சுற்றி மூத்த மாணவர்களும், அவர்களுக்கு அடுத்து இளைய மாணவர்களும் அடுக்கடுக்காக அமர்ந்திருப்பார்களாம். நோயாளி வந்தால் முதலில் இளைய மாணவர்களிடம்தான் தம் நோயைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு விளங்காவிட்டால் அடுத்த வரிசைக்குப் போவார். அங்கும் விடை கிடைக்காதபோதுதான் ராஸி வாய் திறப்பார். நேற்றுச் சேர்ந்த மாணவனுக்கு முதலில் நோயாளி, பிறகுதான் ஆசிரியரின் விளக்கம்! இன்றைய மருத்துவக் கல்லூரிகளில் நோயாளியின் கட்டிலருகே நடக்கும் வகுப்பும் இதே வகைதான்.

பெண்களைப் பற்றிச் சொன்னேன். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மதீனாப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டதும், காயமுற்றோருக்கு மருத்துவம் செய்துவந்த ருஃபைதா (ரலி) என்னும் அஸ்லம் குலத்துப் பெண்மணி அவர்களைக் கவனித்துக் கொண்டதும் நாம் பயானில் கேட்டிருக்கும் செய்திகள். உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று, உணவு சமைத்தும் காயமுற்றோரைப் பராமரித்தும் பணியாற்றியதாக ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். நபிகளாரின் பள்ளிவாசலுக்குள் ஒரு பெண்ணின் மருத்துவக் கூடாரத்திற்கு இடம் இருந்தது.

இன்று நம் வீட்டில் ஒரு பெண்ணுக்கு நோய் வந்தால் நாம் முதலில் கேட்பது, லேடி டாக்டர் இருக்கிறாரா என்பதைத்தான். அது நியாயமான கேள்வியே. ஆனால் அதே வீட்டில் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகள் அறிவியல் பிரிவு கேட்டால், அவ்வளவு தூரம் படிக்க வைத்து என்ன செய்யப் போகிறோம் என்கிறோம். எல்லா வீட்டாரும் இப்படியே முடிவெடுத்தால் நாம் தேடும் அந்தப் பெண் மருத்துவர் எந்த வீட்டிலிருந்து வருவார்? சகோதரர்களே, இதற்கு ஒரு பதிலைச் சிந்தியுங்கள்.

இந்த முரண்பாட்டுக்கு உயிர்கள் விலையாகப் போன வரலாறு தமிழ்நாட்டிலேயே உண்டு. 1890களில் திண்டிவனத்தில் ஒரு கிறிஸ்தவ மருத்துவர் வாழ்ந்துவந்தார். அமெரிக்காவில் படிப்பை முடித்துப் பெற்றோரைப் பார்க்க வந்திருந்த அவருடைய மகள் ஐடா ஸ்கடரைத் தேடி, ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தார்கள். என் தந்தை மருத்துவர், அவர் வருவார் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆடவரை அனுமதிக்க முடியாது என்று மூவரும் திரும்பிச் சென்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். மருத்துவமே வேண்டாம் என்றிருந்த ஐடா, அந்த இரவுக்குப் பின் அமெரிக்கா திரும்பி 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு வேலூருக்கு வந்து பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்றே அங்கு மருத்துவப் பள்ளி திறந்தார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே. திண்டிவனத்து அந்த முஸ்லிம் சகோதரியின் பெயரை வரலாறு பதிவு செய்யவில்லை.

நம் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும், அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாத வீடு நம் ஊரில் இராது. சிலேட்டும் பென்சிலும் இல்லாமல் ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தவர் அவர். அவருடைய சிறு வயதில், உறவுக்காரப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். கிராமத்தில் மருத்துவர் இல்லை. அதுவே அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய நாட்டம். ஆனால் இளம் வயதிலேயே கடுமையான மூட்டுவாத நோய் தாக்கி விரல்கள் கோணிப் போயின. அந்தக் கோணிய விரல்களுக்குப் பேனா பிடிப்பதிலிருந்து தொடங்கிப் பயிற்சி கொடுத்து, கண்புரை அறுவை செய்யும் அளவுக்குக் கொண்டுவந்தார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல் பதினோரு படுக்கைகளோடு மதுரையில் அவர் தொடங்கியதுதான் அந்த மருத்துவமனை. 1988இல் அது திருநெல்வேலிக்கும் வந்தது. 2006இல் அவர் மறைந்தார்.

அங்கு நம் தாய்மார்கள் கண் பரிசோதனைக்குப் போகும்போது, பார்வை அளவு எடுப்பதும், கண்ணழுத்தம் பார்ப்பதும், அறுவை அரங்கில் உதவுவதும் பெரும்பாலும் இளம்பெண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுக் காலம் வேலையோடு வேலையாகப் பயிற்றுவித்து உருவாக்கப்பட்டவர்கள் அவர்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைக்காத ஒரு கிராமத்துப் பெண்ணின் கையும் தக்க பயிற்சியால் மருத்துவத்துக்கு உரியதாகும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

சரி, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் எதைக் காட்டுவது? பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் குழல் போலச் சுருட்டி, ஒரு முனையைத் தம்பியின் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைக்கச் சொல்லுங்கள். இதயத் துடிப்பு கேட்கும். 1816இல் பாரீஸ் நகரில் லென்னக் என்னும் மருத்துவர் இவ்வாறுதான் காகிதத்தைச் சுருட்டி ஸ்டெதஸ்கோப்புக்கு வழி கண்டார். ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்திலிருந்து பிறந்தது அக்கருவி. நாணம் மருத்துவத்துக்குத் தடை என்று பேசுவோர் இதை நினைத்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்து, முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். அமர்ந்திருக்கும்போது எவ்வளவு, பள்ளிவாசலைச் சுற்றி ஓடி வந்தபின் எவ்வளவு, அது இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக் கொள்ளட்டும்.

இதைவிடச் சிறந்த பாடசாலை ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் வீடுகளிலேயே கிடைக்கிறது. குர்பானி ஆட்டின் ஈரல், நுரையீரல், குண்டிக்காய் எல்லாவற்றையும் நாம் சட்டிக்குள் போடத்தான் பார்க்கிறோம். சுவரொட்டி என்று கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறோமே, அதுதான் பாடநூலில் வரும் மண்ணீரல் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அறுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, கீறாத இதயம் ஒன்றை வாங்குங்கள். ஆட்டின் இதயமும் மனித இதயத்தைப் போலவே நான்கு அறைகள் கொண்டது. கையுறை அணிந்து, நன்கு கழுவி, பெருந்தமனிக்குள் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் வழியே மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கும் சிறு இதழ்கள் மூடிக்கொண்டு தண்ணீரைத் தடுப்பது கண்ணுக்குத் தெரியும். பிறகு நீளவாக்கில் அறுத்தால், இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதின் சுவரைவிட எவ்வளவு தடிப்பானது என்று தெரியும். ஒன்று பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. மற்றது கால் விரல் வரை அனுப்ப வேண்டும். இந்தக் காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளையே யோசித்துச் சொல்லட்டும்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் துளை இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியாகவே இரத்தம் வலமிருந்து இடம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதியதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் நம்பியது. அப்படித் துளை ஏதுமில்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்பக்கம் வருகிறது என்று 1242இல் எழுதியவர் இப்னு நஃபீஸ் (ரஹ்). கெய்ரோவில் தலைமை மருத்துவராக இருந்த அவர், அங்குள்ள மதரஸாவில் ஷாஃபிஈ பிக்ஹும் போதித்தவர். அவருடைய அக்கருத்து நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 1924இல் ஜெர்மனியில் பயின்ற ஓர் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியிலிருந்து அதை வெளிக்கொணர்ந்தார். பெருநாள் பகலில் நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி ஓர் ஆட்டின் இதயத்தைக் கையில் ஏந்தி அந்தச் சுவரைத் தடவிப் பார்த்து, ஹஸ்ரத், துளையே இல்லை என்று சொல்வாளானால், அன்று அவள் கற்றதை எந்தத் தேர்விலும் மறக்க மாட்டாள்.

நம் கரிசல் காட்டுக்கு உரிய பாடங்களும் உண்டு. வயலிலும் களத்திலும் பாம்புக்கடி நமக்குப் புதிதன்று. கடித்த இடத்தைக் கீறக் கூடாது, வாய்வைத்து உறிஞ்சக் கூடாது, இறுகக் கயிறு கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, நடக்க விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. அதை நம்பி விடியும்வரை காத்திருந்து உயிரிழப்போர் உண்டு. மட்டை வைத்துக் கட்டும் முறையைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கட்டிப் பழகலாம். தீப்பெட்டித் தொழில் நடக்கும் வட்டாரம் இது. தீக்காயத்தின் மீது மையும் பற்பசையும் பூசுவதை விட்டு, ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும் என்பதை ஒரு பிள்ளை கற்றால் ஒரு தெருவே கற்றுக் கொள்ளும். நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் முதலுதவியில், நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்திற்கு அழுத்த வேண்டும். அதைப் பயிற்சிப் பொம்மையில் மட்டுமே பழக வேண்டும். விளையாட்டாகக்கூட ஒருவர் நெஞ்சில் மற்றவர் செய்து பார்க்கக் கூடாது.

அரைகுறையாகக் கற்றுக்கொண்டு மருத்துவம் செய்பவர், அதனால் நேரும் தீங்குக்குத் தாமே பொறுப்பாவார் என்பது நபிமொழியிலிருந்து நம் சட்ட அறிஞர்கள் எடுத்த விதி. எனவே மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதும், ஊசியைக் கையில் கொடுப்பதும் நம் வேலையன்று. எதைச் செய்யக் கூடாது, எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் பிள்ளைகள் கற்கும் பாடத்தில் சேர்ந்ததே.

இதனால் எல்லாப் பிள்ளைகளும் மருத்துவராகி விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. இதயத்தை அறுக்கும்போதே, இது எனக்கு ஒத்துவராது என்று ஒரு பிள்ளை எழுந்து போனால் அதுவும் நல்லதே. அவனுடைய தந்தை கடன் வாங்கிப் பயிற்சி மையத்துக்குக் கட்டவிருந்த பணம் மிஞ்சும். இன்னொரு பிள்ளைக்கு நுண்ணோக்கி பிடித்துப் போகலாம். அவளுக்கு ஆய்வகத் தொழில்நுட்பம் இருக்கிறது. செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், கண் பரிசோதனை, எக்ஸ்ரே என்று வழிகள் பல. தமிழ்நாட்டில் சில மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவிலேயே செவிலியப் பாடம் உண்டு.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடம் எட்டாக்கனி என்று இன்னும் நினைத்துக் கொண்டிருப்போர் அறிய வேண்டும். நீட் தேர்வு வந்தபின் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவிலேயே அரசுப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து வந்தார்கள். 2020இல் தமிழ்நாடு அரசு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்த முதல் ஆண்டிலேயே அவர்களுக்குக் கிடைத்த இடங்கள் நானூறுக்கு அருகில் உயர்ந்தன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆங்கிலப் பள்ளி மோகத்தில் இடையில் மாற்றுவோர் இதைக் கவனத்தில் கொள்ளவும். 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் இருக்கிறது. அதற்குரிய சாதிச் சான்றிதழைக் கலந்தாய்வு நேரத்தில் அலையாமல் இப்போதே எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

நிர்வாகத்தினரிடம் நான் வேண்டுவது இவ்வளவே. காலாண்டு விடுமுறையில் ஒரு நாளும் அரையாண்டு விடுமுறையில் ஒரு நாளும் மதரஸாக் கட்டடத்தை இதற்காக ஒதுக்குங்கள். காலையில் பெண் பிள்ளைகள், மாலையில் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் செவிலியர் ஒருவரே பயிற்சி அளிக்கட்டும். தாய்மார்களும் உடன் அமர்ந்திருக்கலாம். ஊரிலுள்ள பிற சமயப் பிள்ளைகளையும் அழையுங்கள்; பாம்பு வீடு பார்த்துக் கடிப்பதில்லை. இரத்த அழுத்தமானி ஒன்றும் ஸ்டெதஸ்கோப் இரண்டும் வாங்க பைத்துல்மாலில் கை வைக்க வேண்டாம். அந்தச் செலவை ஏற்க இச்சபையிலேயே ஒருவர் முன்வருவார் என்று நம்புகிறேன். கோவில்பட்டி அரசு மருத்துவமனையை ஒருநாள் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க, செயலாளர் அவர்கள் முறைப்படி கடிதம் எழுதி அனுமதி கேட்கட்டும். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வரும் ஜும்ஆவுக்குள் முஅத்தின் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மகன்களின் பெயரோடு மகள்களின் பெயரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பட்டியலை நானே வாங்கிப் பார்ப்பேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.